பழைய ஆல்டோவுக்கு சஸ்பென்ஷன் வேலை: இருக்கிற பணத்தை எதில் போடுவது?

டெல்டாவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு மதகு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு மேல் கட்டிய மதகு அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்கிறது, அதற்கு இரண்டு பக்கமும் களிமண் மேல் போட்ட ரோடு கோடையில் வெடித்தும் தண்ணீர் திறந்ததும் ஊறியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகிறது, ஆக ஒவ்வொரு மதகும் ஒரு படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. ஏறும்போது ஒரு இடி, இறங்கும்போது ஒரு இடி. நீடாமங்கலம் பக்கத்தில் வெண்ணாறு ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது, அதனால் எங்கள் பக்கம் எந்தத் திசையில் கிளம்பினாலும் பாசன வாய்க்காலைத் தாண்டாமல் பத்து நிமிஷம் ஓட்ட முடியாது.

என்னுடையது 2009 ஆல்டோ எல்எக்ஸ்ஐ, 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. அம்மாவுக்கு முதுகுத் தண்டில் தேய்மானம், மாதம் ஒரு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், ஒவ்வொரு மதகு வரும்போதும் மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொள்வார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே ஓட்டுவது லேசான காரியம் இல்லை. வண்டியை விற்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் 15 வருஷம் முடிந்து ஆர்சி ரெனியூவல் செய்தாகிவிட்டது. 2022 ஏப்ரலில் இருந்து அதற்கான கட்டணமே 5,000 ரூபாய், அது போக பசுமை வரி, எஃப்சி (தகுதிச் சான்று) வாங்க ஆன பெயின்ட் டச்சப், விளக்கு வேலை. இவ்வளவும் செய்து 5 வருஷத்துக்கு உயிர் கொடுத்த பிறகு இந்த 5 வருஷமும் இதே வண்டிதான். அப்போது சஸ்பென்ஷனில் எவ்வளவு போடலாம், எதில் போடலாம் என்பதுதான் கேள்வி. என்னைப் போலப் பழைய 800, ஆல்டோ, சான்ட்ரோ, வேகன்ஆர் வைத்திருக்கிற நிறையப் பேர் இதே இடத்தில் நிற்கிறார்கள், அதனால் நான் விசாரித்தது, செய்தது, தப்பாகச் செய்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அதன் வேலை. இவை இரண்டும் வண்டியோடு சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் இருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால் ரோட்டைத் தொடுவது டயர். 'அடி இடிக்குது, ஷாக்கை மாத்திக் குடுங்க' என்று பட்டறையில் போய்ச் சொல்வது இந்த வித்தியாசம் தெரியாததால்தான். ஷாக் மாற்றினால் வண்டி உயராது. அடி இடிப்பதற்குத் தளர்ந்த ஸ்பிரிங் காரணமாக இருக்கலாம், இல்லை ஷாக் செத்துப்போய் வண்டி அளவுக்கு மேல் அமுங்குவது காரணமாக இருக்கலாம், இல்லை ஆறு பேரை ஏற்றியதுதான் காரணமாக இருக்கலாம். ஆல்டோவின் காலி எடை முக்கால் டன்னை ஒட்டித்தான் வரும். 65 கிலோ வீதம் 5 பேர் ஏறினால் 325 கிலோ, அதாவது வண்டி எடையில் பாதியை நெருங்குகிறது. பெரிய காருக்கு 5 பேர் என்பது ஒரு சின்ன பாரம், நம் வண்டிக்கு அது வேறொரு வண்டியாகவே மாறுகிற பாரம். சின்னக் காரில் ஸ்பிரிங்கைத் தொட்டால் எதாவது ஒரு பக்கம் கெடுவது இதனால்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காசே செலவாகாத வேலை ஒன்று இருக்கிறது, காற்று. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் எத்தனை ஆள் ஏறினால் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். பங்க்கில் காற்று அடிக்கிற தம்பி எல்லா வண்டிக்கும் ஒரே அளவாக 35 அடித்து அனுப்பிவிடுவார், கேட்டால் மைலேஜ் வரும் என்பார். 12 இஞ்ச் சக்கரத்தில் அந்த அதிகப்படிக் காற்று ஒவ்வொரு சின்னக் கல்லையும் முதுகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். காலையில் டயர் சூடாகாமல் இருக்கும்போது ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். என் வண்டியில் பாதிக் குறை அதிலேயே போயிற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா அன்றைக்கே கேட்டார், "என்னப்பா, ரோடு போட்டுட்டானா?" என்று.

காற்றோடு சேர்ந்தது டயர். பக்கவாட்டில் நான்கு எண் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. எங்கள் ஊரில் வருஷத்துக்கு 5,000, 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற கார்கள் நிறைய, அவற்றில் பட்டன் தேயாமலே டயர் எட்டு ஒன்பது வருஷம் வெயிலில் நின்று மரக்கட்டை மாதிரி ஆகியிருக்கும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது என்று அதை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனில் பத்தாயிரம் போடுவது வீண். நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

இங்கேயே அலாய் வீல் ஆசையையும் பேசிவிடலாம், ஏனென்றால் ஆல்டோவுக்கு நிறையப் பேர் 12 இஞ்சை எடுத்துவிட்டு பழைய ஆல்டோ கே10-ல் வந்த 155/65 ஆர் 13 போடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள்: நம் 145/80 ஆர் 12-ல் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் உயரம் 116 மில்லிமீட்டர், 155/65 ஆர் 13-ல் அது சுமார் 101. முழு விட்டமும் 537-ல் இருந்து 532 ஆகக் குறைகிறது. அதாவது வண்டி ஒரு நூல் தாழ்கிறது, இடியை வாங்குகிற ரப்பரில் 15 மில்லிமீட்டர் போய்விடுகிறது. மதகு ரோட்டுக்கு இது நேர் எதிர்த் திசை. பைபாஸில் மட்டும் ஓட்டுகிறவருக்கு வளைவில் பிடிப்பு கூடும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் கம்பெனி அளவிலேயே நான்கு புது டயர், எங்கள் பக்கக் கடைகளில் ஒன்று 3,000 ரூபாயை ஒட்டி வந்தது.

சரி, ரப்பருக்கு வருவோம். நான் நீளமாகச் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

மன்னார்குடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாக மாருதி மட்டும் பார்க்கிறவர். நான்கு ஷாக்கும் மாற்ற வேண்டும், விலை சொல்லுங்கள் என்று போய் நின்றேன். வண்டியை ஜாக்கி போட்டு ஏற்றிவிட்டு, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார், அப்புறம் ஒரு டயர் லீவரை லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கிற இரும்புக் கை) இடுக்கில் கொடுத்து நெம்பினார். 'டக்' என்று சத்தம் கேட்டது. "தம்பி, நீங்க சொல்ற இடி இதுதான். ஷாக்கு இன்னும் உயிரோடதான் இருக்கு, முதல்ல ரப்பரைப் பாருங்க" என்றார். இடது பக்கத்து ஆர்மைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளே இருந்த புஷ், அதாவது ரப்பர் வளையம், வற்றல் போட்ட நெல்லிக்காய் மாதிரி சுருங்கிக் கறுத்து, நடுவில் இருக்கும் இரும்புக் குழாயை ஒரு பக்கம் முழுக்க விட்டுவிட்டிருந்தது, அந்தப் பிளவில் என் சுண்டுவிரல் நகம் போயிற்று. குழாயின் மேல் புழுதி அரைத்து அரைத்து வெள்ளியாக மினுக்கிக்கொண்டிருந்தது. அதாவது பல மாதமாக அங்கே இரும்பு இரும்போடு பேசிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் அந்த அளவு மோசம் இல்லை. ஏன் இடது மட்டும் என்று கேட்டதற்கு, அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், எதிரில் பஸ் வந்தால் நாம் இடது பக்கம் மண்ணில் இறங்கி ஒடிந்த தார் விளிம்பில் ஏறுவோம், இடது சக்கரம்தான் அந்த அடி எல்லாம் வாங்குகிறது என்றார். இந்தப் பக்கத்து வண்டிகள் முக்கால்வாசிக்கு இடதுதான் முதலில் போகுமாம்.

ஆல்டோ, 800 மாதிரி வண்டிகளில் இன்னொரு விஷயம், முன்னால் குறுக்கே போகிற ஸ்டெபிலைசர் பாரின் நுனிதான் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்கிறது. அந்த நுனியில் இருக்கும் ரப்பர் தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகரும், பிரேக்கை விடும்போது முன்னால் வரும், ஸ்டியரிங்கில் ஒரு அலைச்சல் தெரியும். நாம் அதை அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம்) கோளாறு என்று நினைத்து மாதா மாதம் அலைன்மென்ட் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம். பின்பக்கம் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்களிலும், குறுக்கே போகும் லேட்டரல் ராடிலும் புஷ் உண்டு. வளைவில் வண்டியின் பின்பகுதி ஒரு நொடி தாமதமாக வருகிற மாதிரி தோன்றினால் அங்கே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் முன் ஷாக்கின் தலையில் இருக்கும் மவுண்ட், அதோடு சேர்ந்த பேரிங். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் சுண்டுகிற சத்தம் வந்தால் அந்த பேரிங்தான் இறுகியிருக்கிறது.

எனக்கு ஆன செலவு: பால் ஜாயின்ட்டோடு (ஆர்ம் சக்கரத்தோடு சேருகிற உருண்டை மூட்டு) சேர்ந்த லோயர் ஆர்ம் இரண்டு, ஸ்டெபிலைசர் ரப்பர் முழு செட், பின் புஷ்கள், லேபர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். புஷ்ஷை மட்டும் அடித்து மாற்றினால் இன்னும் குறையும், ஆனால் 1,18,000 ஓடிய பால் ஜாயின்ட்டை மறுபடி மாட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே இடத்தில் பாலியூரித்தேன் புஷ் என்று ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள், நிறைய நாள் உழைக்கும், வண்டி கச்சிதமாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் அது கடினமானது, அதிர்வை உள்ளே விடும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். முதுகுக்காக வேலை செய்கிறவர்கள் சாதாரண ரப்பரிலேயே நின்றுவிடுங்கள்.

இந்த ஒரு வேலைக்குப் பிறகு வண்டியில் இருந்த 'தடக் தடக்' முழுவதும் போய்விட்டது. மதகில் ஏறும்போது இடி இருந்தது, ஆனால் அது ஒரே இடியாக, மொத்தையாக, தகரச் சத்தம் இல்லாமல் இருந்தது. ஆடுவது மட்டும் அடங்கவில்லை. அதற்குத்தான் ஷாக்.

ஷாக் போயிருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒவ்வொரு மூலையையும் உடம்பு எடையைப் போட்டு அழுத்தி விடுங்கள், எழும்பி அப்படியே அடங்கினால் சரி, இரண்டு மூன்று தடவை ஆடினால் போய்விட்டது. ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்து அதில் புழுதி சேறாக ஒட்டியிருந்தால் சோதனையே வேண்டாம். லேசான ஈரப் பூச்சு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், சீல் வழியாகக் கொஞ்சம் கசிவது இயல்பு. டயரைக் கையால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா, அதுவும் ஷாக் செத்த அடையாளம்.

மாற்றுவது என்று முடிவான பிறகு எதைப் போடுவது என்பதில் நான்கு வழி இருக்கிறது. கம்பெனியின் ஜெனுயின் பார்ட், வெளியே கிடைக்கும் பிராண்டு, பழைய ஷாக்கையே ரீகண்டிஷன் செய்வது, பழைய வண்டியில் இருந்து கழற்றியது. கடைசி இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரீகண்டிஷன் என்பது ஷாக்கைத் திறந்து எண்ணெய் ஊற்றி, புது சீல் போட்டு, பெயின்ட் அடித்துக் கொடுப்பது. பாதி விலை. என் சித்தப்பா மகன் தன் 800-க்கு ஐப்பசி மழைக்கு முன் இப்படிச் செய்தான், தை பிறப்பதற்குள் ஒன்று ஒழுகிவிட்டது. காரணம் எளிது, உள்ளே போய்வரும் தண்டின் குரோம் பூச்சில் துரு குத்திய புள்ளிகள் இருக்கும், அது புது சீலை அரம் மாதிரி அறுத்துவிடும். சிலர் கெட்டியான எண்ணெய் ஊற்றி ஷாக் இறுக்கமாக இருப்பதாகக் காட்டுவார்கள், அது மதகில் நேராக முதுகில் அடிக்கும். சென்னை புதுப்பேட்டையில் இருந்து கழற்றிய பார்ட் வருகிறதே என்றால், நக்கிள், ஆர்ம் மாதிரி இரும்புச் சாமானுக்கு அது சரி, வளைவு இல்லாமல் இருந்தால் போதும். ஷாக்கும் ரப்பரும் பழையதில் வாங்குவது வேண்டாம், அது எத்தனை லட்சம் தடவை அமுங்கி எழும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மீதி இரண்டில் பெரிய சண்டை இல்லை. 1961-ல் இருந்து இந்தியாவில் ஷாக் செய்கிற கேப்ரியல், அப்புறம் மன்ரோ, இந்த இரண்டும் கும்பகோணம், தஞ்சாவூர் ஸ்பேர் கடைகளில் ஆல்டோவுக்குச் சாதாரணமாகக் கிடைக்கிறது. நான்குக்கும் சேர்த்து எனக்குச் சொன்ன விலை 5,500-ல் இருந்து 6,500 வரை, ஜெனுயின் அதைவிடக் கொஞ்சம் கூட. பெட்டியில் வந்ததா, பில் தருகிறார்களா, எவ்வளவு நாள் வாரண்டி என்பதைப் பார்த்துக்கொண்டால் எதை எடுத்தாலும் தப்பில்லை. 'கேஸ் ஷாக் போடுங்க சார், சும்மா மிதக்கும்' என்று ஒரு கடையில் சொன்னார்கள். கேஸ் ஷாக்கிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. மேலே நைட்ரஜனை அழுத்தி வைத்திருப்பார்கள், அதனால் தொடர்ந்து குண்டும் குழியுமாக ஓடும்போது எண்ணெய் நுரைத்துப் பலம் இழக்காது. மிதக்காது, சொல்லப்போனால் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். திருத்துறைப்பூண்டி தாண்டி வேலை நடக்கிற ரோட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டும்போதுதான் அதன் பலன் தெரியும். பல மாடல்களில் கம்பெனியில் இருந்து வருவதே கேஸ் வகைதான் என்பதால் தனியாக அதற்கென்று அதிகப் பணம் கொடுக்கும் முன் உங்கள் வண்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். முக்கியமான ஒன்று, முன்னால் என்றால் இரண்டும், பின்னால் என்றால் இரண்டும், ஒற்றையாக மாற்றாதீர்கள்.

இப்போது உயரம். டெல்டாவில் சஸ்பென்ஷன் என்று பேச்செடுத்தால் பாதிப் பேர் கேட்பது 'வண்டியைத் தூக்கலாமா' என்றுதான். ஆல்டோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 160 மில்லிமீட்டர், ஆள் ஏறினால் அதிலும் குறையும், கிராமத்துச் சிமெண்ட் ரோட்டு வேகத்தடை ஒவ்வொன்றும் குட்டிச்சுவர் மாதிரி இருக்கிறது, ஆசை நியாயமானதுதான். ஸ்பிரிங் இடுக்கில் மாட்டுகிற ரப்பர் பஃபரை நானும் ஆன்லைனில் வாங்கிப் பின் ஸ்பிரிங் இரண்டிலும் போட்டேன், இரண்டாயிரத்துக்கும் குறைவு, அரை மணி நேர வேலை. தங்கச்சி குடும்பத்தோடு வேளாங்கண்ணி போனபோது அருமையாக இருந்தது, 5 பேர் ஏறியும் பின்பக்கம் உட்காரவில்லை. மறுநாள் நான் தனியாக ஓட்டிப் போனேன். மதகில் பின் சக்கரம் ஏறி இறங்கியதும் வண்டியின் பின்பகுதி என்னைத் தூக்கிப் போட்டது. அந்த பஃபர் செய்வது என்னவென்றால் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பூட்டிவிடுகிறது, மீதிச் சுற்றுகள்தான் அமுங்கும், அதனால் ஸ்பிரிங் கெட்டியாகிறது. கெட்டியான ஸ்பிரிங் திரும்பி எழும்புகிற வேகத்தை அடக்குகிற பலம் கம்பெனி ஷாக்குக்குக் கிடையாது. முழுப் பாரத்தில் நல்லது, காலியில் கழுதை உதை. நான்கு மாதம் கழித்துக் கழற்றியபோது பஃபர் இருந்த இடத்தில் ஸ்பிரிங்கின் பூச்சு உரிந்து, இடுக்கில் தேங்கின சேற்றுத் தண்ணீரில் துரு செதில் செதிலாகப் பிடித்திருந்தது. வருகிற ஆறு மாதத்துக்குள் ஸ்பிரிங்கே உடைந்திருக்கும் என்றார் அண்ணன். தினமும் முழு ஆள் ஏற்றி ஓட்டுகிறவருக்கு அது உதவலாம், மாதத்தில் ஒரு நாளுக்காகப் போடாதீர்கள்.

ஷாக் தலையில் ஸ்பேசர் வைத்துத் தூக்குவது இன்னொரு வழி. 10 மில்லிமீட்டர் மாதிரி என்றால் வண்டி பொறுத்துக்கொள்ளும். 25, 30 என்று போனால் முன் சக்கரத்துக்குப் போகிற டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறி அதன் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். உங்கள் உயரம் உண்மையில் குறைந்திருக்கிறதா என்பதை முதலில் அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் இருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 15 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், அல்லது அதே மாடலில் நன்றாக இருக்கிற வண்டியைவிட நான்கும் தாழ்ந்திருந்தால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அப்போது ஸ்பேசர் வேண்டாம், கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் ஜோடியாகப் போட்டால் போன உயரம் தானாகத் திரும்பி வரும், ஜோடி 2,500-ஐ ஒட்டித்தான் சொன்னார்கள்.

வண்டியைத் தாழ்த்துகிற லோயரிங் ஸ்பிரிங், உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய காயில்ஓவர் பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நல்லதாக வாங்கினால் வண்டி விலையில் பெரும்பகுதி போகும், மலிவாக வாங்கினால் ஆபத்து, நம் ரோட்டில் இரண்டுமே தரையைத் தேய்க்கும். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக ஆர்சி விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்து இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்கும் நாளையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் காற்றைச் சரிசெய்துவிட்டு முழுவதையும் முன்பக்க ரப்பரிலும் அலைன்மென்ட்டிலும் போடுங்கள், ஷாக்கைத் தொடாதீர்கள். 12,000 இருந்தால் ரப்பரோடு நான்கு ஷாக், முன் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது முட்டித் தாங்குகிற ரப்பர்) எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள், நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான், ஆனால் இரண்டு தடவையாகச் செய்ததால் எனக்கு லேபர் கூடிவிட்டது. டயர் ஆறு வருஷம் தாண்டியிருந்தால் அந்த 12,000-ஐ டயருக்குக் கொடுத்துவிட்டு ஷாக்கை அடுத்த குறுவை அறுவடை வரைக்கும் தள்ளிப்போடலாம், எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து திருப்தியாக இருக்கிறார். ஸ்விஃப்ட் வைத்திருக்கிறவர்கள் கணக்கைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டும், பார்ட் விலையும் கூட, பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற முறுக்குத் தண்டு) என்பதால் அதன் இரண்டு பெரிய புஷ்ஷையும் பிரஸ் போட்டுத்தான் இறக்க வேண்டும், அந்த வசதி இருக்கிற பட்டறையாகத் தேடிப் போங்கள்.

வேலை நடக்கும்போது முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். நான் ஷாக் மாற்றிய நாளில் அண்ணன் ஊரில் இல்லை, அவசரத்துக்கு வேறொரு பட்டறையில் கொடுத்தேன், அங்கே புது ஷாக்கின் தலையில் பழைய மவுண்ட்டையே மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதத்தில் அதே 'டொய்ங்' திரும்பி வந்தது, மறுபடி ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றி மாட்டுவதற்கு முழு லேபர் தனியாகக் கொடுத்தேன். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி பூட் நான்கையும் நீங்களே வாங்கிக் கையில் கொண்டு போங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கயிறு, கம்பி கட்டி ஸ்பிரிங்கைக் கழற்றுகிற இடம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அது தெறித்தால் ஆள் உயிருக்கு ஆபத்து. புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அழுத்தி இழுக்கச் சொல்லுங்கள், படுக்கையாகக் கிடந்ததில் உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும்.

அப்புறம் இது பல பட்டறையிலும் விடுகிற விஷயம்: லோயர் ஆர்ம், பின் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சும்மா மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் எடை ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் அந்த ரப்பர் வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், ஐந்து வருஷம் வர வேண்டிய புஷ் ஒரே வருஷத்தில் கிழியும். அண்ணன் இதற்காகவே வண்டியை இறக்கி, என்னையும் ஒரு உதவியாளையும் உள்ளே உட்காரச் சொல்லிவிட்டுத் தான் அடியில் படுத்து இறுக்கினார்.

எல்லாம் முடிந்த மறுநாளே அலைன்மென்ட். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்று பார்க்கச் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் உப்புக் காற்றில் இந்த போல்ட்டுகள் எல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மாட்டும்போதே கிரீஸ் தடவச் சொல்லுங்கள், மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடியை, குறிப்பாக ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தை, நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். அந்தக் கிண்ணம் துருப்பிடித்து ஓட்டை விழுந்த ஷாக் ஒன்றை அண்ணன் பட்டறையிலேயே எனக்குக் காட்டினார், எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் நன்றாக இருந்த ஷாக் அது.